ஒரு சொல் விளங்கிய படம்

மூன்று மாதம் லாச்சிக்குள் கிடந்தது,
தொப்பி, ஒற்றைச் செருப்பு, நீச்சல் கண்ணாடி என்று
மறந்துவிட்டுப் போனவர்களின் சாமான்களோடு.
பதினோராம் அறைப் பெண் கேட்டு எழுதவேயில்லை.
உப்புவெளி விடுதியின் வரவேற்பு மேசையிலிருந்து
அந்தப் பென்டிரைவை
கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்தேன்.
திருட்டு என்றால் திருட்டுத்தான்.

உதயரூபனுக்கு அன்றிரவு வேலை இல்லை.
மா ஆலையிலிருந்து வந்து குளித்த பிறகும்
காதுமடலில் கொஞ்சம் வெள்ளை மிச்சம்.
மடிக்கணினியை அரிசி வாளிக்கு மேல் வைத்தோம்.
"கலர் போயிட்டுது, திரை பழுதோ?" என்றான்.
திரையில் பிழையில்லை. படமே அப்படி.
கறுப்பு வெள்ளை. பிரெஞ்சு.
அடியில் எழுத்தும் ஓடவில்லை.

கதை என்று என்னத்தைச் சொல்ல.
கையுறை விற்கிற ஒருத்தி.
பேக்கரியில் வேலை செய்கிற ஒருத்தன்.
ஊரார் கைகளையெல்லாம் அளந்து விற்கிறவளிடம்
அவன் மட்டும் கையை நீட்ட மாட்டான்,
மா ஒட்டியிருக்கிறதாம்.
மழை வருகிறது. குடை ஒன்றுதான்.
பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடுகிறாள்;
பஸ் நிற்கிறது.
நானும் இவனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.
எங்கள் பஸ் மானுக்கு நிற்கும்,
மனிசருக்கு நிற்காது.

படம் முழுக்க ஒரு சொல்தான் விளங்கியது.
கூடையை நீட்டி அவன் சொன்னான்:
பாண்.

உதயரூபன் எழும்பியே விட்டான்.
"எங்கட சொல்லப்பா அது!
மாவும் எங்கடையாத்தான் இருக்கும்."
பிறகு அவனுக்கு எல்லாமே விளங்கத் தொடங்கிற்று.
அவர்கள் வாயசைக்க
இவன் திருகோணமலையில் பேசினான்.
"நாளைக்கும் வருவீரோ?"
"வந்தா என்ன, வராட்டி என்ன?"
"வராட்டி பாண் காயும்."

சண்டையைத் தொடங்கியது நான்.
அவளுடைய மழைக்கோட்டு பச்சை என்றேன்.
நீலம் என்றான்,
சாம்பலைப் பார்த்துச் சத்தியம் பண்ணினான்.
நான் சொன்ன பச்சை
கோணேசர் மலைக்குக் கீழே மத்தியான நேரம்
பாறையை ஒட்டிக் கிடக்கிற தண்ணீர்.
அவன் சொன்ன நீலம்
எங்கள் எழுத்து நாளன்று நான் கட்டியிருந்த சேலையாம்.
அது ஊதா.
நான் சொல்லவில்லை.

நடுவில் ஒரு காட்சி.
இரவு. கதவு தட்டப்படுகிறது.
அவள் ஆரென்று கேட்கவில்லை.
விளக்கை அணைக்கவில்லை.
யன்னல் சீலையை விலக்கிப் பார்க்கவில்லை.
வெறுங்காலோடு போய்த் திறக்கிறாள்.
வெளியே அவன், கையில் ஆவி பறக்கும் பொதி.

அந்த இடத்துக்கு மட்டும்
உதயரூபன் குரல் கொடுக்கவில்லை.
"திருப்பிப் போடு" என்றான். போட்டேன்.
இன்னொருக்கா என்றான்.
நாலு தரம் திறந்தாள்.
நாலு தரமும் அவன்தான் நின்றான்.

முடிவில் என்ன ஆகியிருக்கும் என்று
உங்களுக்குத் தெரியும்.
எங்களுக்கும் குடை வந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது.
தெரிந்துகொண்டேதான் கடைசிவரை இருந்தோம்,
தேத்தண்ணி ஆறிப்போனதுகூட நினைவில்லாமல்.

காலையில் தெரு முனையில்
சூன் பாண் ஓட்டோ பாட்டோடு திரும்பியது.
படலைக்குப் போனவன்
மூக்கால் இழுத்து, பிரெஞ்சில், பாண் கேட்டான்.
ஓட்டோக்காரன் ஜௌஸி
தடிமனோ என்று விசாரித்தானாம்.

பென்டிரைவை லாச்சிக்குள் திரும்ப வைத்தேன்.
வைக்க முதல் ஒரு கொப்பி எடுத்ததை
இங்கே மட்டும் சொல்கிறேன்.

மாரி பிடித்த கிழமை
மத்திய வீதிக் கடையொன்றிலிருந்து
மழைக்கோட்டு ஒன்று வாங்கி வந்தான்.
நீலம் முடிந்துவிட்டதாம், பச்சை வரவேயில்லையாம்,
சாம்பல்தான் கிடந்ததாம்.
போட்டுக்கொண்டு முற்றத்து மழைக்குள் இறங்கினேன்.
வாசலில் நின்று கேட்டான்,
"எப்பிடி?"

பச்சைதான், என்றேன்.